பாண்டில வாங்குன ஸ்டூடன்ட் மைக்ரோஸ்கோப்பும் கூட குடுத்த ஸ்லைடு பெட்டியும்: பயாலஜி டியூஷன் எடுக்கறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

மொதல்லயே முடிவ சொல்லிடறேன், நேரம் இல்லாதவங்க இந்த பாராவோட கிளம்பிடலாம். மைக்ரோஸ்கோப் வாங்கலாம், தாராளமா வாங்கலாம். ஆனா அதோட சேத்து ரெடிமேடா செஞ்ச ஒரு பர்மனன்ட் ஸ்லைடு பெட்டிய தலையில கட்டப் பாப்பாங்க, அத வேணாம்னு சொல்லிட்டு அந்த காசுக்கு ஒரு பாட்டில் அசிட்டோகார்மைனும் (குரோமோசோமுக்கு ஏத்தற செவப்பு சாயம்) ரெண்டு பாக்கெட் கவர் ஸ்லிப்பும் (ஸ்லைடு மேல மூடற மெல்லிசு கண்ணாடி) வாங்கிக்கங்க, அதுதான் பிரயோஜனம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல வீட்டு மாடியில பயாலஜி டியூஷன் எடுக்கறேன், பத்தாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும், நீட் பசங்களும் கொஞ்ச பேர் வராங்க. செல் பிரிதல் பாடம்னா இவங்களுக்கு நாலு வட்டம், உள்ள நாலஞ்சு கோடு, பக்கத்துல ப்ரோஃபேஸ் மெட்டாஃபேஸ் அனாஃபேஸ் டீலோஃபேஸ்னு பிரியற நாலு நிலைக்கும் வரிசையா அம்புக்குறி, அஞ்சு மார்க், அவ்ளோதான். பாதி பேர் ஸ்கூல்ல மைக்ரோஸ்கோப்ப பீரோ கண்ணாடி வழியா பாத்ததோட சரி. ஒரு பையன் கேட்டான், "மிஸ், எல்லா செல்லும் இப்படி ரெண்டு நாலு எட்டுனு பிரிஞ்சிகிட்டே போனா நாம ஏன் மிஸ் பெருசாகிட்டே போகல?" புக்குல இருக்கற படத்த பாத்தா அப்படித்தான் தோணும், ஏன்னா படத்துல எல்லா செல்லும் பிரியற வேலையிலயே இருக்கும், சும்மா இருக்கற செல்லுக்கு யாரும் படம் போடறதில்ல. சரி கண்ணால காட்டிடுவோம்னுதான் வாங்கக் கிளம்புனேன்.

கடை பாண்டில நேரு வீதிலேர்ந்து பிரியற ஒரு சின்ன தெருவுல, லேப் சாமான் விக்கற பழைய கடை. பேர் போடல, ஏன்னா ஸ்லைடு பெட்டிய பத்தி கொஞ்சம் திட்டப் போறேன், ஆனா கடைக்கார அண்ணன் தங்கமான மனுஷன். உள்ள போனதும் "இன்னா மேடம், ஸ்கூலுக்கா காலேஜுக்கா?"ன்னாரு, டியூஷன்னு சொன்னதும் காஸ்ட்லி பீஸ் எதையும் கீழ எறக்கவே இல்ல, நேரா கீழ் தட்டுலேர்ந்து ஒண்ண எடுத்து வச்சு பிளக்ல சொருகி "கண்ண வச்சு பாருங்க"ன்னுட்டாரு. ஆன்லைன்ல இது நடக்காது, அதுக்காகவே நேர்ல போய் வாங்கலாம். ஒரே மாடல்ல மூணு பீஸ் போட்டு பாத்தேன், மூணும் மூணு விதமா இருந்துது, ஒண்ணுல 40எக்ஸ் லென்ஸ்ல ஓரமெல்லாம் மங்கல், இன்னொண்ணுல கோர்ஸ் நாபு (ஃபோகஸ் பண்ற பெரிய திருகு) திருப்பிட்டு கைய எடுத்தா ட்யூப் தானா மெதுவா கீழ எறங்குது (இத கட்டாயம் செக் பண்ணுங்க, எறங்குற பீஸ் கொஞ்ச நாள்ல ஸ்லைட நசுக்கி ஒடைச்சிடும்), மூணாவது ஓகே.

வாங்குனது ஒத்தக் கண் மாடல், கண் வைக்கற ஐபீஸ் 10, ஸ்லைடு பக்கத்து லென்ஸ் அதாவது ஆப்ஜெக்டிவ் 4, 10, 40, ஆக அதிகபட்சம் 400 மடங்கு. ஐயாயிரத்துக்கு கொஞ்சம் கம்மியா முடிஞ்சுது. 100 ஆயில் லென்ஸ் வச்ச மாடல் இன்னும் ரெண்டாயிரம் கூட, அண்ணனே சொன்னாரு "பசங்களுக்கு அது வேஸ்ட்டு மேடம், எண்ணெய தொடைக்காம விட்டா லென்ஸ் போச்சு"ன்னு. அவர் சொன்னது கரெக்ட், செல் பிரியறத பாக்க 400 போதும். எல்இடி லைட்டு, அதுவே பேட்டரிலயும் ஓடும், கரண்ட் போனா கவலை இல்ல. மெக்கானிக்கல் ஸ்டேஜ் கிடையாது, ரெண்டு கிளிப் மட்டும், ஸ்லைட விரலாலதான் தள்ளணும், 40எக்ஸ்ல ஒரு முடி அளவு தள்ளுனா கூட பாத்துட்டிருந்த செல் காணாம போயிடும், இதுதான் இந்த மாடலோட பெரிய மைனஸ். ஆயிரம் ரூபா கூட போனாலும் பரவால்லன்னா திருகு வச்ச ஸ்டேஜ் இருக்கற மாடலா எடுங்க.

வர்ற வழியில ஒரு கூத்து. பாண்டிலேர்ந்து கடலூர் பஸ்ல வர்றவங்களுக்கு ஆல்பேட்டை செக்போஸ்ட் தெரியும், பாண்டி சரக்கு இருக்கானு பாப்பாங்க, பை தடிச்சிருந்தா விட மாட்டாங்க. என் பையில செவப்பு கலர்ல ஒரு பாட்டில், தண்ணி கலர்ல ஒரு பாட்டில். ஏட்டு தண்ணி கலர் பாட்டில் மூடியத் தொறந்து மூக்கு கிட்ட கொண்டு போனாரு, அது கிளேஷியல் அசிட்டிக் ஆசிட், நெடி மண்டைக்கு ஏறிடுச்சு பாவம். "இன்னாம்மா இது?" "வெங்காயத்துக்கு சார், லேப் சாமான்." பில்ல காட்டுனேன், மைக்ரோஸ்கோப் டப்பாவ தொறந்து காட்டுனேன், ஒரு மாதிரி பாத்துட்டு விட்டுட்டாரு. பில்ல பத்திரமா மேல வைங்க, கெமிக்கல் வாங்குனா பாட்டில்ல லேபிள் ஒட்டச் சொல்லி வாங்குங்க. இந்த செக்போஸ்ட் கதை பின்னாடி பாடத்துக்கு உதவுச்சு, சொல்றேன்.

இப்ப டெஸ்டுக்கு வருவோம். வெங்காய வேர் நுனிதான் எல்லாரும் பண்றது, ஏன்னா வேர் வளர்றது நுனிலதான், அங்கதான் செல் பிரியுது, அதோட வெங்காயத்துக்கு குரோமோசோம் (செல்லுக்குள்ள டி.என்.ஏ. சுருட்டி வச்ச இழை) 16தான், ஒவ்வொண்ணும் நல்லா பெருசா இருக்கும், நம்மளுது மாதிரி 46 பொடிசு இல்ல. பெரிய வெங்காயத்தோட காஞ்ச வேர பிளேடால சொரண்டிட்டு டம்ளர் வாயில உக்கார வச்சு அடி மட்டும் தண்ணியில படற மாதிரி விட்டா ரெண்டு மூணு நாள்ல வெள்ளையா வேர் வரும். சாம்பார் வெங்காயம் இன்னும் சுலபம், அதுக்கும் 16தான். காலையில வெட்டணும், வேர் நுனி செல்லுங்க பெரும்பாலும் சூரியன் உதிச்சு ரெண்டு மணி நேரம் வாக்குல பிரியுதுன்னு பிளஸ் டூ லேப் மேனுவல்லயே போட்டிருக்கு. வெட்டுனத ஒரு பங்கு அசிட்டிக் ஆசிட் மூணு பங்கு ஆல்கஹால் கலவைல ஒரு நாள் போட்டா எந்த செல் எந்த நிலைல இருந்துதோ அப்படியே நின்னுடும். அப்புறம் ஸ்லைடுல வச்சு ஒரு சொட்டு நீர்த்த ஹெச்சிஎல் (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்), ரெண்டு மூணு சொட்டு அசிட்டோகார்மைன், ஸ்பிரிட் லேம்ப் மேல லேசா சூடு காட்டணும், கொதிக்க விடக்கூடாது. நுனி மட்டும் கருஞ்செவப்பா ஏறும், மேல வெளிறி இருக்கும், அந்த கருஞ்செவப்பு ரெண்டு மூணு மில்லிமீட்டர மட்டும் வச்சிகிட்டு மிச்சத்த வெட்டி வீசிடணும். கவர் ஸ்லிப் போட்டு, ப்ளாட்டிங் பேப்பர் மேல வச்சு, பென்சில் பின்பக்கத்தால மெதுவா தட்டி, கடைசியா கட்டை விரலால நேரா கீழ ஒரு அமுக்கு. பக்கவாட்டுல நழுவுனா செல்லெல்லாம் உருண்டு குப்பையாயிடும். சூடும் அமுக்கும் கைப்பழக்கம்தான், வேற ரகசியம் இல்ல.

10எக்ஸ்ல இடத்த தேடிட்டு 40எக்ஸ் மாத்துனப்ப, சத்தியமா சொல்றேன், இந்த வெலைக்கு இவ்ளோ தெளிவு நான் எதிர்பாக்கல. நடு கோட்டுல வரிசையா நிக்கற குரோமோசோம், பக்கத்து செல்லுல ரெண்டு பக்கமும் இழுபட்டு வி வடிவத்துல வளைஞ்சு போறது, எல்லாம் கோடு கோடா பிரிஞ்சு தெரியுது. வால்தர் ஃப்ளெமிங் 1882ல சாலமாண்டர் குஞ்சோட செல்லுல இதையே பாத்துதான் மைட்டாசிஸ்னு பேர் வச்சாரு, அவர் கிட்ட இருந்ததும் சாயமும் கண்ணாடியும் பொறுமையும்தான்.

ஆனா பசங்க பாத்ததும் மொத கமென்ட் என்ன தெரியுமா? "மிஸ், எல்லாம் சும்மாவே இருக்கு." அதான் விஷயமே. ஃபீல்டுல நூறு செல் தெரிஞ்சா அதுல பெரும்பாலானது வட்டமா ஒரு நியூக்ளியஸோட கம்முனு இருக்கும், பத்துக்கு ஒண்ணு பிரியற நிலைல தேறுனாலே அது நல்ல ஸ்லைடு. அதுவும் வெங்காயத்துலயே ரொம்ப வேகமா பிரியற எடத்த தேடிப் புடிச்சு வெட்டுன நிலைமையில! புக்கு படத்துல நாலுக்கு நாலும் பிரியுது, இங்க பத்துக்கு ஒண்ணு. அஞ்சாயிரம் குடுத்ததுக்கு இந்த ஒரு காட்சி போதும்னு நான் சொல்வேன். ஏன்னா செல் பிரியறது பெரிய அதிசயம் இல்ல, யீஸ்ட்டும் பாக்டீரியாவும் கூட பிரியுது, நம்ம உடம்பு பெரும்பாடு படறது எப்ப பிரியக் கூடாதுன்னு கணக்கு வைக்கத்தான்.

இத வச்சு ஒரு நல்ல பயிற்சியும் பண்ணலாம். எந்த நிலைல எத்தன செல்லுனு எண்ணச் சொல்லுங்க, ப்ரோஃபேஸ்தான் அதிகம் வரும், அனாஃபேஸ் தேடிதான் புடிக்கணும். கூட்டம் எங்க அதிகமோ அங்க நேரம் அதிகமா ஆகுதுன்னு அர்த்தம், நின்னு போன செல்லுங்கள வச்சே கடிகாரம் இல்லாம நேரத்த கணக்கு போடலாம். மனுஷ செல்ல லேப்ல வளர்த்தா ஒரு சுத்துக்கு சுமார் 24 மணி நேரம், அதுல மைட்டாசிஸ் கிட்டத்தட்ட 1 மணி நேரம்தான். மீதி நேரம் பூரா தயாரிப்பு, வளர்றது, 600 கோடி எழுத்து டி.என்.ஏ.வ நகல் எடுக்கறது, தப்பு இருக்கானு பாக்கறது. சும்மா இருக்கறதா பசங்க சொன்ன செல்லுங்கதான் இவ்ளோ வேலை பாக்குதுங்க.

செக்போஸ்ட் விஷயத்துக்கு வரேன். ஆல்பேட்டைல பை தொறந்து காட்டாம பஸ் நகராதுல்ல, அந்த மாதிரி செல்லுக்குள்ளயும் மூணு எடத்துல நிறுத்தி வச்சு சோதனை. நகல் எடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, பிரியறதுக்கு முன்னாடி ஒண்ணு, நடு கோட்டுல குரோமோசோம் நிக்கும்போது ஒண்ணு. மூணாவதுதான் என் ஃபேவரிட், ஒவ்வொரு குரோமோசோமையும் ரெண்டு பக்கத்துலேர்ந்து இழுக்கற இழையும் சரியா புடிச்சிருக்கணும், ஒரே ஒண்ணு புடி இல்லாம தொங்கிட்டிருந்தாலும் மொத்த வண்டியும் நிக்கும், மெட்டாஃபேஸ்ல வரிசையா நிக்கறத ஸ்லைடுல பாத்தோம்ல, அது அந்த காத்திருப்புதான். இதையெல்லாம் நடத்துற புரோட்டீன்ல சைக்ளின்னு ஒண்ணு, டிம் ஹன்ட் 1982ல கடல் முள்ளெலி முட்டைல கண்டுபுடிச்சாரு, ஒவ்வொரு தடவ செல் பிரியறதுக்கு முன்னாடியும் சேந்துகிட்டே வந்து பிரியும்போது திடீர்னு காணாம போகுது, மறுபடி சேருது. யீஸ்ட்ட வச்சு இதே விஷயத்த தொரத்துன லீலாண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் இவங்களோட சேத்து 2001ல நோபல். நம்ம உடம்போட சாவிய யீஸ்ட்டுலயும் கடல் முள்ளெலிலயும் தேடிப் புடிச்சிருக்காங்க, பசங்களுக்கு இத சொன்னா நீட் கேள்விங்கறத மறந்துட்டு கேக்கறாங்க.

சோதனைல டி.என்.ஏ. ஒடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா நிறுத்தி வைக்கறது பி53னு ஒரு புரோட்டீன், ரிப்பேர் பண்ண முடிஞ்சா பண்ண விடும், முடியாத கேஸ்னா செல்லையே சாகச் சொல்லிடும். மனுஷ கேன்சர்ல கிட்டத்தட்ட பாதில இந்த ஜீன் கெட்டுப் போயிருக்கும். நமக்கு இது ஒரு ஜோடிதான், யானைக்கு சுமார் 20 ஜோடி (அதுல நெறைய அரைகுறை நகல்தான், ஆனாலும்). அவ்ளோ பெரிய உடம்பு, அத்தன செல்லு, அத்தன வருஷம், கணக்குப்படி நம்மள விட அதிகமா கேன்சர் வரணும், வர்றதில்ல, அதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. 2022ல செத்துப் போன பாண்டி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமிய எங்க பசங்க எல்லாருமே பாத்து ஆசீர்வாதம் வாங்குனவங்க, லட்சுமி உடம்புலயும் இந்த மாதிரி நெறைய ஜோடி இருந்துதுன்னு சொன்னா வேற எப்படி நடத்துனாலும் மனசுல நிக்காத பி53 நின்னுடுச்சு.

அடுத்து நம்ம உடம்பு செல்ல பாக்கணும்னு ஒரே அடம். கன்னத்துக்கு உள்பக்கம் ஐஸ்கிரீம் குச்சியால லேசா சொரண்டி மெத்திலின் ப்ளூ போட்டு பாத்தோம், 10எக்ஸ்லயே நல்லா தெரியுது, இதுக்கு சூடு கீடு எதுவும் வேணாம். தட்டையா ஓரம் மடிஞ்ச செல்லு, நடுவுல நீலப் புள்ளி. ஒண்ணு கூட பிரியல! ஏன்னா நாம சொரண்டுறது மேல் தட்டு, உதிரப் போற செல்லுங்க, பிரியறதெல்லாம் அடித்தட்டுல, அங்க பொறந்து மேல தள்ளப்பட்டு வரும்போதே பிரியற உரிமை போயிடுது. குடல் உள்பக்க செல்லு மூணுலேர்ந்து அஞ்சு நாள்ல மாறுது, தோல் மேல் தட்டு சுமார் ஒரு மாசம். ரத்த சிவப்பணு அதுக்கும் மேல, பிரியணும்னாலும் முடியாது, நியூக்ளியஸே கெடையாது, சுமார் 120 நாள் ஓடிட்டு சாகும், அத ஈடு கட்ட எலும்பு மஜ்ஜை விநாடிக்கு சுமார் 20 லட்சம் புதுசு செஞ்சு அனுப்புது. இன்னொரு பக்கம் மூளைப் புறணில இருக்கற நரம்பு செல் நாம பொறந்தப்ப இருந்ததேதான், இதயத் தசை செல்லு வருஷத்துக்கு 100ல ஒண்ணு மாறுனாலே பெருசு. ஈரல் ரெண்டுங்கெட்டான், சாதாரணமா பிரியாம ஜி ஜீரோன்னு சொல்ற ஓய்வுல கெடக்கும், மூணுல ரெண்டு பங்கு வெட்டி எடுத்தா முழிச்சிகிட்டு பிரிஞ்சு பழைய அளவுக்கு வந்ததும் மறுபடி நிக்கும். அளவு வந்தாச்சுன்னு அதுக்கு எப்படி தெரியுதுங்கறதுதான் எனக்கு இதுல ரொம்ப புடிச்ச எடம். பக்கத்து செல்லு இடிச்சா நிறுத்து, வளர்ச்சி சிக்னல் வரலன்னா நிறுத்து, இந்த மாதிரி நிறுத்தச் சொல்ற ஏற்பாடு ஏகப்பட்டது.

இப்ப ஸ்லைடு பெட்டி. 25 ஸ்லைடு, மரப்பெட்டி பாக்க அழகு, ஆயிரத்து சொச்சம். 'மைட்டாசிஸ் – அனிமல்'னு லேபிள் ஒட்டுன ஸ்லைடுல செல் சுவர் தடிமனா செங்கல் அடுக்குன மாதிரி தெரியுது, அது எந்த ஊர் அனிமல்? சந்தேகமே இல்ல, வெங்காய வேர்தான். 'ஹியூமன் பிளட்'ல ஸ்டெய்ன் மங்கி வெள்ளையணுவ தேடிப் புடிக்க வேண்டியிருக்கு. தவளைத் தோலும் எலும்பும் நல்லா இருந்துது, இல்லேன்னு சொல்லல. போன் பண்ணி சொன்னேன், அண்ணன் "நம்ம தயாரிப்பு இல்ல மேடம், பெட்டியா வர்றதுதான், எடுத்துட்டு வாங்க மாத்தி தரேன்"ன்னாரு, மாத்திக் குடுத்த பெட்டியும் அதே கதைதான். அவர் மேல தப்பில்ல, பேக் பண்ற எடத்துல யாரும் கண்ண வச்சு பாக்கறதில்ல. பெட்டி வாங்கியே ஆகணும்னா கடைலயே அந்த மைக்ரோஸ்கோப்ல வச்சு மைட்டாசிஸ் ஸ்லைடு மூணையாவது பாத்துட்டு வாங்குங்க.

இந்த ரிவ்யூல சேக்கலாமானு யோசிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. எங்க பக்கத்து தெரு அக்காவுக்கு ஜிப்மர் கேன்சர் சென்டர்ல கீமோ போயிட்டிருக்கு, அவங்க பொண்ணு எங்க டியூஷன்தான். வேர் நுனி ஸ்லைட பாத்துட்டு அந்தப் பொண்ணு தனியா வந்து கேட்டா, கட்டி ஒரு எடத்துல இருக்கு மிஸ், முடி ஏன் கொட்டுது, வாய் ஏன் புண்ணாகுது? அவள மறுபடி ஸ்லைடு முன்னாடி உக்கார வச்சேன். பெரும்பாலான கீமோ மருந்துக்கு இது கெட்ட செல் இது நல்ல செல்லுனு அடையாளம் தெரியாது, பிரியற செல்ல போட்டுத் தாக்கும். வேகமா பிரியறது யாரு? கட்டி, அதோட முடியோட வேர்க்கால், வாய் உள்தோல், குடல், எலும்பு மஜ்ஜை. அதான் முடி கொட்டுது, அதான் ஒவ்வொரு ஊசிக்கு முன்னாடியும் ரத்தம் எடுத்து கவுன்ட் பாக்கறாங்க. மருந்து முடிஞ்சதும் பெரும்பாலும் முடி திரும்ப வரும், வேர்க்கால்ல ஓய்வுல கெடக்கற மூல செல்லு தப்பிச்சிடும்ல. "அப்ப சும்மா இருக்கறதுதான் மிஸ் தப்பிக்குது"ன்னா. ஆமாம்மா.

அவளுக்கு நான் காட்டுனது எங்க வீட்டு வாசல்லயே பூத்திருக்கற நித்யகல்யாணி, நம்ம ஊர்ல சுடுகாட்டு மல்லின்னும் சொல்வாங்க, சில்வர் பீச் பக்கம் மணல்லயே மண்டிக் கெடக்கும். பூர்வீகம் மடகாஸ்கர். 1950கள் கடைசில கனடாவுல ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் ரெண்டு பேரும் இதுலேர்ந்து வின்பிளாஸ்டின் எடுத்தாங்க, அதோட தம்பி வின்கிரிஸ்டின் குழந்தைங்களோட ரத்தப் புற்றுநோய்க்கு இன்னிக்கும் முக்கியமான மருந்து. செய்யற வேலை ஒண்ணுதான், குரோமோசோம இழுக்கற இழைய கட்ட விடாது, மூணாவது செக்போஸ்ட்டுல செல் நின்னது நின்னதுதான். செங்காந்தள் கிழங்கு, விதைல இருக்கற கோல்ச்சிசினும் அதே ஜாதி, அதால செல்ல மெட்டாஃபேஸ்ல நிறுத்தி வச்சுதான் 1956ல டியோவும் லெவானும் மனுஷனுக்கு குரோமோசோம் 46னு சரியா எண்ணுனாங்க, அதுக்கு முன்னாடி 48ன்னு எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. வெங்காய வேர கோல்ச்சிசின்ல ஊற வச்சா மெட்டாஃபேஸ் நெறைய கெடைக்கும்னு காலேஜ்ல பண்ணுவாங்க, வீட்டு டியூஷன்ல தயவு செஞ்சு வேணாம், செங்காந்தள்னா கண்வலிக் கிழங்குதான், அது உயிரக் குடிக்கற விஷம், நம்ம மாநிலப் பூவாச்சேன்னு பசங்க வேலிலேர்ந்து புடுங்கிட்டு வந்துட போறாங்க. நித்யகல்யாணி இலையும் அப்படித்தான், கஷாயம் வச்சு குடிக்கறேன்னு யாரும் கெளம்பாதீங்க, மருந்து ஆஸ்பத்திரில ஊசியா போடறது.

இதே போக்குல இன்னொரு பொருளுக்கும் ரெண்டு வரி. எங்க அத்தை ஒருத்தங்க செயின் மார்க்கெட்டிங்ல 'செல்ல புதுப்பிக்கும், டெலோமியர நீட்டும்'னு ஒரு கேப்ஸ்யூல் டப்பா கொண்டு வந்தாங்க, டப்பா வெல மைக்ரோஸ்கோப் வெலைல பாதி. டெலோமியர்ங்கறது குரோமோசோம் நுனில ஒரே எழுத்துக் கூட்டம், டி டி ஏ ஜி ஜி ஜி, திரும்பத் திரும்ப வர்றது, சாதாரண செல்லு ஒவ்வொரு தடவ பிரியும்போதும் கொஞ்சம் தேயும். லேப்ல வளர்த்த சாதாரண மனுஷ செல்லு சுமார் 50 தடவ பிரிஞ்சிட்டு நின்னுடுதுன்னு ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் 1961ல காட்டுனாங்க, அதுக்குப் பின்னாடி இருக்கற கணக்கு இந்த தேய்மானம். நுனிய நீட்டுற டெலோமரேஸ 1984ல குளத்து ஒத்தச் செல் உயிரி ஒண்ணுல எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரெய்டரும் கண்டுபுடிச்சாங்க, ஜாக் சோஸ்டாக்கோட சேத்து 2009ல நோபல். சரி, அப்ப நீட்டுனா நல்லதுதானேன்னு தோணும். கேன்சர் கட்டில பத்துக்கு எட்டு ஒம்போதுல இந்த டெலோமரேஸ் முழிச்சிட்டு இருக்கு, அந்த செல்லுங்க நிக்காததுக்கு அது ஒரு முக்கிய காரணம். ஹென்ரியட்டா லாக்ஸ்ங்கற அம்மா கிட்ட 1951ல கேட்காமயே எடுத்த கட்டி செல்லு, அவங்க அந்த வருஷமே செத்துப் போயிட்டாங்க, செல்லு இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா லேப்ல பிரிஞ்சிகிட்டு இருக்கு. டப்பால அந்த கேப்ஸ்யூல் உண்மையிலயே வேலை செய்யுதுன்னா பயப்படணும், வேலை செய்யலன்னா காசு தண்டம், ரெண்டு பக்கமும் வாங்க காரணம் இல்ல. அத்தை கோவிச்சிகிட்டாங்க, போகட்டும்.

மறுபடி மைக்ரோஸ்கோப்புக்கு. கொஞ்ச நாள் ஆன பிறகும் லைட் மங்கல, கோர்ஸ் நாபு நழுவல. ஃபைன் நாபு மட்டும் கொஞ்சம் இறுக்கம், கடல் காத்துக்கு உப்பு ஏறுதுனு நெனைக்கறேன், சில்வர் பீச் பக்கம் வீடு இருக்கறவங்க சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு டப்பாக்குள்ள போட்டு மூடி வைங்க, லென்ஸ்ல பூஞ்சை புடிச்சா தொடைச்சு எடுக்கவே முடியாது. போன் கேமராவ ஐபீஸ்ல வச்சு எடுக்கலாம், கை நடுங்குது, அதுக்குன்னு ஒரு பிளாஸ்டிக் கிளிப் ஆன்லைன்ல கெடைக்குது, அத கண்டிப்பா வாங்குங்க, ஏன்னா பதினஞ்சு பேர் வரிசையா ஒத்தக் கண்ண மூடி பாக்கறதுக்குள்ள ஸ்லைடு காஞ்சிடும். கவர் ஸ்லிப் ஓரத்துல நெயில் பாலிஷ் ஒரு கோடு போட்டா சாயங்கால பேட்ச் வரைக்கும் தாங்குது. அசிட்டோகார்மைன் பாட்டில் இருட்டுல வைங்க, அடில படிஞ்சா ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டிக்கங்க, இல்லேன்னா ஸ்லைடு பூரா செவப்பு துணுக்கா கெடந்து அத போய் குரோமோசோம்னு பசங்க வரைஞ்சு வைப்பாங்க.

மைக்ரோஸ்கோப்புக்கு அஞ்சுக்கு நாலு, கிளிப் ஸ்டேஜுக்காக ஒண்ணு கொறைச்சிருக்கேன். ஸ்லைடு பெட்டிக்கு ஒண்ணரை, அந்த ஒண்ணரையும் தவளைக்கு. கடைக்கு அஞ்சு, கேட்டா சலிச்சிக்காம பதில் சொல்றாரு, ஒரு வருஷம் சர்வீஸ் எழுதிக் குடுக்கறாரு. மதியம் ஒரு மணிக்கு ஷட்டர எறக்குனா நாலு மணிக்குதான் தொறப்பாரு, பாண்டில நெறைய கடை அப்படித்தான், கடலூர்லேர்ந்து போறவங்க காலைல பத்து மணிக்குள்ள அங்க இருக்கற மாதிரி பஸ் ஏறுங்க.